ஒரு பல்லுக்கு ஒரு ஆட்டோ சொந்தம்

எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். யாருக்கு, என்ன என்று விசாரிப்பதெல்லாம் போகிற வழியில்தான்.

என் மகளுக்கு ஆறு வயது. கடைவாய்ப் பல் சொத்தை. வலியில் சோறு இறங்கவில்லை. முதலில் அவனியாபுரத்தில், என் லேத் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் ஊசியை எடுத்ததும் இவள் அவர் விரலைக் கடித்துவிட்டாள். அவரும் கோபக்காரர், நானும் கோபக்காரன். அத்தோடு முடிந்தது. அப்புறம் பல் என்று சொன்னாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வில்லாபுரத்தில் பிள்ளைகளுக்கென்றே ஒரு பல் ஆஸ்பத்திரி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். மருந்து வாடை இல்லை. வெள்ளைக் கோட்டு இல்லை. வாசலருகே மீன் தொட்டி. மல்லாந்து படுத்தால் கூரையில் டிவி. மருத்துவர் ஒரு இளம்பெண். மகளை நாற்காலியில் ஏற்றி இறக்கி விளையாட்டுக் காட்டினார். காற்றடிக்கும் குழாயை அவள் நகத்தில் பிடித்து, கூசுகிறதா என்று கேட்டார். பற்களை எண்ணினார். அவ்வளவுதான். பல்லைத் தொடாமல் இது என்ன வைத்தியம் என்று நான் கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "வலிக்கு மருந்து தாரேன் சார். இன்னொரு தடவ பயந்துட்டாள்னா அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலயும் வாயத் திறக்க மாட்டா. அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் மகளே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். மீனைப் பார்க்க வேண்டுமாம். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. என் மனைவிதான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டிருந்தாள்: பாப்பாவை வில்லாபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம், ஜெபித்துக்கொள்ளுங்கள். பல் என்ற சொல்லை விட்டுவிட்டாள்.

மகள் மீன் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது மனைவியின் அக்கா, எனக்கு மதினி, மிஷன் பள்ளிக்கூட டீச்சர். பின்னாலேயே அவர் கணவர், என் சகலை, சாத்துக்குடிப் பையோடு. இன்னும் நாலைந்து பேர். மதினி வந்த வேகத்தில் பிள்ளையின் நெற்றியில் மந்திரித்த எண்ணெயால் சிலுவை போட்டுவிட்டு, சத்தமாக ஜெபமாலை தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இந்தக் கூட்டத்தை இப்படி மொத்தமாக என் மகள் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். மனைவியின் சித்தப்பாவை ஐசியுவில் வைத்திருந்தபோது. அதே எண்ணெய், அதே ஜெபம், அதே சாத்துக்குடி. அவர் திரும்பி வரவில்லை.

"அப்பா, நான் செத்துருவேனாப்பா?"

சொத்தைப் பல்லுக்கு எதற்கு ஜெபமாலை, பிள்ளையை வழியனுப்பவா வந்தீர்கள் என்று நான் கத்தினேன். சகலை என் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். "கோவப்படாதீக சகல. எனக்குப் பல்லு புடுங்குனப்ப ஒரு சொம்பு ரத்தம் வந்துச்சு. முன்னாடியே மனசத் தேத்திக்கிறணும்ல."

மகள் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள்.

மருத்துவர் வெளியே வந்தார். எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பெஞ்சுக்கு அடியில் குனிந்து, உன்னோடு யார் உள்ளே வரலாம், நீயே சொல் என்றார். மகள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அம்மா வரட்டும். பெரியம்மா ஜெபம் பண்ண வேணாம். பெரியப்பா பேசவே வேணாம். அப்பா கத்தும். அப்பாவும் வேணாம்."

எல்லோரும் வெயிலில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவர்களே ரொட்டியைப் பிரித்தார்கள். சகலை எனக்கும் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார். கோபத்தோடு தின்றேன். உள்ளேயிருந்து அழுகை வரும் என்று கண்ணாடிக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். டிவியின் கார்ட்டூன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மரத்துப்போன உதடும் கன்னத்தில் ஒட்டிய நட்சத்திரமுமாக மகள் வந்தாள். மதினி கட்டிப்பிடித்து அழுதார்.

"அழாத பெரியம்மா. எனக்கு ஒண்ணும் ஆகல. மீனு குட்டி போட்டுருக்கு, வா காட்டுறேன்."

அன்று ராத்திரி ரசம் சாதத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுபடி காட்டப் போனபோது யாரிடமும் மூச்சு விடவில்லை. எப்படியோ மதினிக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதையே மறைக்கும் அளவுக்கு நாங்கள் என்ன பகையாளிகளா என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலை மட்டும் சகலையிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.