ஒரு கண்டக்டரின் இடது கை

கீபோர்டு டீச்சர் வேலை என்றால் பாட்டு சொல்லித்தருவது என்று ஊரார் நினைக்கிறார்கள், பாதி நேரம் "பிராக்டிஸ் பண்ணியா?" என்று கேட்டுவிட்டு, "பண்ணேன் மிஸ்" என்கிற பச்சைப் பொய்யைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலை. வீட்டு மாடியில் நாலு கீபோர்டைப் போட்டுக்கொண்டு என்னைப் போலவே தொண்டை கட்டிக்கொள்ளும் சக டீச்சர்மாரே, உங்களுக்குத் தெரியாததா? கள்ளிக்குப்பத்தில் பதினெட்டு வருஷமாக நான் அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பு, மற்ற ஆறு நாளும் பிள்ளைகளோடு கத்தல். இத்தனை பேரில் என்னிடம் பொய்யே சொல்லாதவர் ஒரே ஒருத்தர். அவரிடம் பொய் சொன்னவள் நான்.

அட்மிஷன்

மல்லிகா என்று ஓர் அம்மா வந்து கிளாஸ் நேரம் விசாரித்தார். "பொண்ணுக்கா, பையனுக்கா?" என்றேன். "இவருக்கு மிஸ்" என்று பின்னால் கையைக் காட்டினார். வலது கையால் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார் அவர் கணவர் ஏகாம்பரம். பஸ் கண்டக்டர், ஐம்பத்திரண்டு வயது. மூளையில் ரத்த அடைப்பு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பேச்சு தப்பித்துவிட்டது, இடது கை மட்டும் தொங்கிவிட்டது. விரல் விரலாக வேலை கொடுத்தால் மூளை வேறு வழி பழகிக்கொள்ளும், கீபோர்டு கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பிசியோதெரபி டாக்டர் அனுப்பியிருந்தார்.

கண்டக்டருக்கு இடது கை என்றால் சும்மாவா? டிக்கெட் கட்டைப் பிடிக்க வேண்டும், சடன் பிரேக் அடித்தால் அதே கையால் கம்பியையும் பிடிக்க வேண்டும். கை வந்தால் மறுபடி பஸ், வராவிட்டால் டிப்போவில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியை நினைத்தாலே மனுஷனுக்கு முகம் சுருங்கியது. என்ன பாட்டு பிடிக்கும் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"பாட்டெல்லாம் வாணாம் டீச்சரம்மா, இந்தக் கை தூங்கிகினு கீது, தட்டி எழுப்பிக் குடு, அது போதும்."

காணாமல் போன சீட்டு

முதல் வாரம் எதைக் கேட்டாலும் கீபோர்டின் வலது பக்கமே வாசித்தார். "இடது ஓரத்தில் ஆரம்பிங்க" என்றால், நடுவில் ஒரு கட்டையைத் தொட்டு, "இதான ஓரம்?" என்பார். நான் ஏழு வயதுப் பிள்ளையிடம் கத்துவது போல ஒரு கத்து கத்திவிட்டேன். அப்புறம்தான் மல்லிகா தனியே கூப்பிட்டுச் சொன்னார், இவருக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மனசு விட்டுவிடுகிறது, தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும், சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்பார் என்று. கத்தினதற்கு என்னை நானே கிள்ளிக்கொண்டேன்.

என் நெற்றியில் இருந்த பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இடது கோடிக் கட்டையில் ஒட்டினேன். "பொட்டு கண்ணில் படுகிற வரைக்கும் தலையைத் திருப்புங்க, பட்டதும் வாசிங்க" என்றேன். திருப்பினார், திருப்பினார், கழுத்து வலிக்கத் திருப்பினார். கண்டுபிடித்ததும் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே!

"அடங்கொய்யால, முன்னாடி இத்தினி சீட்டு கீதா? பாக்காமலே டபுள் விசில் குட்துகினு இருந்துகீறேன்!"

என் கைங்கரியம்

அடுத்து கார்டு, மூன்று சுரம் சேர்ந்து ஒலிப்பது. இடது கையின் மூன்று விரல் ஒரே நேரத்தில் மூன்று கட்டையை அழுத்த வேண்டும். அவருக்கு ஒரு விரல்தான் இறங்கியது, மற்ற இரண்டும் அந்தரத்தில் நின்றன. வியர்த்து வழிய அவர் முயற்சி செய்வதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு, உங்களுக்குத் தெரியும். அதை அமுக்கிவிட்டால் ஒரு கட்டையைத் தொட்டாலே முழு கார்டும் டிரம்ஸோடு கிளம்பும். அமுக்கினேன். தொட்டாலும் சரியாக உணராத கை அது, எது அழுந்துகிறது என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது? "மூணு விரலும் இறங்குது, சூப்பர்!" என்று வாய் கூசாமல் சொன்னேன். மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஏகாம்பரம் போனில் பதிவு செய்து டிப்போ நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். மூன்று வாரம் இந்தக் கூத்து ஓடியது. அந்தத் தைரியத்தில், பஸ்ஸில் ஏறத் தகுதி உண்டா என்று பார்க்கும் டாக்டர் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மல்லிகாவும் அவரும் மூச்சிரைக்க மாடி ஏறினார்கள். வீட்டில் பழகுவதற்காக வாங்கியதாம். "ரிப்பேர் மிஸ், ஒரே ஒரு சத்தம்தான் வருது" என்றார் மல்லிகா. அதில் ஒரு கோளாறும் இல்லை, அந்தப் பட்டன்தான் அமுக்கவில்லை என்பது எனக்குத்தானே தெரியும்! உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணு வாரமா டிக்கெட் வாங்காத ரெண்டு வெரலு எம் பஸ்ல வந்துகீது, நானும் ஒரு கண்டக்டருன்னு குந்திகினு இருந்துகீறேன்."

மூன்று மாதம்

பரிசோதனையில் இடது கையால் பிடிக்கச் சொன்ன தம்ளர் கீழே விழுந்தது. மூன்று மாதம் கழித்து வாருங்கள், அதுதான் கடைசி என்றார்களாம். இனி இந்த மாடிப்படி ஏற மாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் பதினொரு மணிக்கு வந்து நின்றார். "அந்த பட்டன் மேல ஒரு பிளாஸ்திரி ஒட்டிடு" என்றார், ஒட்டினேன்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சுண்டு விரல் ஆவடி, மோதிர விரல் திருமுல்லைவாயல், நடு விரல் அம்பத்தூர் ஓ.டி., ஆள்காட்டி விரல் எஸ்டேட், கட்டை விரல் பாடி என்று தன் ரூட்டின் ஸ்டாப் பெயர்களை வைத்துக்கொண்டு, ஊர் பெயரைக் கத்தியபடியே ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார். ஒரு நாளைக்கு நூறு தடவை ஆவடியிலிருந்து பாடி, நூறு தடவை பாடியிலிருந்து ஆவடி. திருமுல்லைவாயலில் மட்டும் வண்டி நிற்கவே இல்லை. ஒன்றரை மாதம் நிற்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. என்ன மனுஷன் சாமி! ஒரு புதன்கிழமை மோதிர விரல் தனியாக இறங்கி, மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் எழுந்து பிளாஸ்திரி ஒட்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. மறுநாள் மல்லிகா அவருக்கு முன்னாலேயே படியேறி ஓடி வந்தார்.

"மிஸ், நேத்து சாப்பிடும்போது இடது கையால தட்டைப் புடிச்சிக்கிட்டாரு, நான் சொல்லல மிஸ், அவரா புடிச்சிக்கிட்டாரு!"

எஸ்டேட் சிக்னல்

இரண்டாவது பரிசோதனையில் தம்ளர் விழவில்லை. அவர் பஸ் ஏறி ஒரு வாரம் கழித்து, ஒரு காலை நேரம், ஓ.டி.யில் கூட்டத்தோடு கூட்டமாக நானும் அவர் பஸ்ஸில் ஏறினேன். அவர் பின்பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டே நெருக்கியடித்து என் பக்கம் வந்துகொண்டிருந்தார். நான் அந்தக் கையையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எஸ்டேட் சிக்னலில் டிரைவர் அடித்த பிரேக்கில் நான் அப்படியே படிக்கட்டுப் பக்கம் சாய்ந்தேன். போச்சு என்று கண்ணை மூடியபோது, தோளில் மாட்டியிருந்த பையோடு சேர்த்து யாரோ என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். திரும்பினால் ஏகாம்பரம். டிக்கெட் கட்டு வலது கைக்கு மாறியிருந்தது, இடது கையில் என் பை. டீச்சர் என்று அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு போடு போட்டார்.

"இன்னாம்மா, கம்பிய புட்சிகினு நிக்க மாட்டியா, கை இன்னாத்துக்கு கீது?"

கையை எப்படி வைக்க வேண்டும் என்று பதினெட்டு வருஷமாக ஊருக்கே சொல்லிவந்த எனக்கு அன்றைக்கு நல்ல பாடம் கிடைத்தது, அதுவும் நான் சொல்லிக்கொடுத்த கையாலேயே.