நிறுத்தும் தேதி

பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் அவரை எல்லாரும் டேப் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டுத் தட்டு அளவிலான காந்த நாடாச் சுருள் ஒன்றை மாடிக்குக் கொண்டுபோகும்போது கை நழுவ விட்டுவிட்டார். அது படிப்படியாகக் குதித்து, நாடாவை நீளமாக உமிழ்ந்துகொண்டே வாசல்வரை ஓடியது. பின்னாலேயே இவரும் ஓடினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அதற்காக அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. "நல்லவேளை, அன்னைக்கு என் கையில பிரிண்டரைக் குடுக்கலை" என்பார்.

அவருக்கு அடுத்த மேசையில் வந்து சேர்ந்தவள் பிற்பாடு அந்தப் பிரிவுக்கே தலைவியானாள். பதவியில் அவரைத் தாண்டிப் போன பிறகும் அவளுக்கு அவர் அண்ணன்தான். அவரும் நாலு பேர் முன்னிலையில் "மேடம்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டுவிட்டார்.

மாணவர்களின் மதிப்பெண், கட்டணம், பட்டம் எல்லாம் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மெயின்ஃபிரேம் என்ற பழைய பெருங்கணினியில்தான் ஓடின. பீரோக்களை வரிசையாக நிறுத்தியதுபோல் இருக்கும். வெயில் காலத்திலும் உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டும். தேர்வு முடிவு போடும் நிரலை கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதியவர் அவர். ஒருமுறை முடிவு தாமதமானபோது, "கோபால்ல ஒரு சின்னக் கோளாறு" என்று யாரோ சொல்ல, பதிவாளர் அறையிலிருந்து "அந்த கோபாலையே நேர்ல வரச்சொல்லுங்க" என்று உத்தரவு வந்தது. டேப் சார்தான் போனார். அதிலிருந்து ஒரு மாதம் அவருக்கு கோபால் சார் என்றும் பெயர்.

அவளுடைய கணவன் இறந்த வருடம் அவள் வேலைக்கு வந்தாளே தவிர, மனம் வேலையில் இல்லை. என்ன தட்டச்சு செய்தோம் என்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் செய்த பிழைகளையெல்லாம் யார் காதுக்கும் போகாமல் திருத்தி வைத்தவர் அவர். அதைப் பற்றி அவளிடமே மூச்சுவிட்டதில்லை. அவள் தற்செயலாகக் கண்டுபிடித்துக் கேட்டபோது, "அட, ஏதோ கண்ணுல பட்டுச்சும்மா" என்றதோடு சரி.

மெயின்ஃபிரேமை நிறுத்திவிட்டுப் புதிய கணினிகளுக்கு மாற வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. உதிரிப் பாகம் கிடைப்பதில்லை; பழுதானால் வந்து பார்க்க ஆளில்லை. அந்த முடிவை யாரும் குறை சொல்ல முடியாது. பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. அண்ணன் பக்கத்தில் இருக்கும்வரை கவலையில்லை என்றுதான் அவளும் தலையாட்டினாள்.

அவரோ முதல் கூட்டத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஓடுற மெஷினை எதுக்கு நிறுத்தணும்?" என்றார். பயிற்சிக்கு வரமாட்டார், வந்தால் கைகட்டி உட்கார்ந்திருப்பார். ஏதாவது கேட்டால் பிடிகொடுக்காமல் எழுந்து போய்விடுவார். கிழவருக்குத் தலைக்கனம் என்று புதிதாக வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முதலில் அவருக்காகப் பரிந்து பேசியவளுக்கே போகப்போக அலுத்துவிட்டது.

இரண்டு கணினிகளிலும் ஒரே தேர்வின் முடிவை ஓட்டிப் பார்த்தபோது சில அறிவியல் மாணவர்களுக்கு மட்டும் விடை மாறி வந்தது. எழுத்துத் தேர்வில் கொஞ்சம் குறைந்தவர்களைப் பழைய நிரல் தேர்ச்சி என்றது, புதியது தோல்வி என்றது. அவருடைய நிரலில் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்கும் இடம் ஒன்று இருந்தது. ஏன் என்ற குறிப்பு இல்லை. அவள் அதை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "அது பழைய விதி. எப்பவோ எடுத்தாச்சு. விட்டுடும்மா" என்றார்.

"நிச்சயமாண்ணே?"

"நான் எழுதினது எனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் அவள் யாரிடமும் விசாரிக்கவில்லை. அவர் சொன்னபடியே விட்டுவிட்டார்கள்.

விதி எடுக்கப்படவே இல்லை. புதிய கணினியில் முதல் முடிவு வெளியானதும் அறிவியல் வகுப்புகளில் அழுகை கிளம்பியது. தேறியிருக்க வேண்டிய பிள்ளைகள் தோற்றுப் போயிருந்தார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் சீருடையோடு வந்து தாழ்வாரத்தில் நின்றார். "என் பொண்ணு கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடக்கா. தப்பு உங்க மேலன்னு அவகிட்ட யாராவது சொல்லுங்களேன்" என்றார். அவள் அங்கேயே அவருடைய போனை வாங்கி அந்தப் பெண்ணிடம் பேசினாள். மறுமுனையில் விசும்பல் மட்டும் கேட்டது. பதிவாளர் முன்னால் நின்று, தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாள். முடிவைத் திரும்பப் பெற்று, திருத்தி வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் அவள் கீழ்த்தளத்துக்குப் போனாள்.

டேப் சார் பச்சை எழுத்துத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, விதியை எடுத்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? எப்ப?"

அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. "மழுப்பாதீங்கண்ணே! புது சிஸ்டம் பிடிக்கலைன்னா என்கிட்ட சண்டை போடுங்க. பிள்ளைங்க தலையில எதுக்குக் கை வைக்கிறீங்க?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எதிரில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னது ஞாபகம் இல்லம்மா. அந்த இடத்தை எழுதினதும் ஞாபகம் இல்ல. நீ தாளை நீட்டினப்ப, யாரோ எழுதினதைப் படிக்கிற மாதிரி இருந்துச்சு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார். போன வருடம் கடைத்தெருவில் நின்று வீட்டுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று யோசித்தது. பேத்தியின் பெயர் வாய்வரை வந்து நின்றுபோனது. பயிற்சியில் நேற்றுக் காட்டியதை இன்றைக்குத் தேடியது.

"இதுல உக்காந்தா மட்டும் கை தானா போயிடுதும்மா. நான் யோசிக்கவே வேண்டாம். இது ஓடுற வரைக்கும் யாருக்கும் தெரியாம ஓட்டிடலாம்னு நெனச்சேன்."

"தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒண்ணு தெரியலைன்னா அடுத்ததைக் கேப்ப. அப்புறம் அதுக்கு அடுத்தது. எதுவரைக்கும் எனக்குத் தெரியும்னு எனக்கே தெரியலையே."

அவள் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. போக எழுந்தபோது அவர் கேட்டார்: "அந்தப் பிள்ளைங்களுக்கு எல்லாம் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுண்ணே."

"சரி" என்றார். அவள் கதவருகே போவதற்குள் மறுபடியும் அதையே கேட்டார்.

அவருடைய மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருந்தார். அண்ணியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"எனக்குத் தெரியும்மா" என்றார் அண்ணி. "காலையில அவர் சட்டைப் பையில என் நம்பரை எழுதி வைப்பேன். சாயங்காலம் அவர் பார்க்கிறதுக்குள்ள எடுத்துடுவேன். அவர் மறைக்கிறார், நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். ஆபீஸ்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் நிமிர்ந்து நடக்கிறார். அதையும் பிடுங்கிட்டா..." அதற்குள் யாரோ பல்வலிக்காரர் வந்துவிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்க எழுந்தார்.

அவருக்கு நீண்ட விடுப்பும் மருத்துவமும் ஏற்பாடாயின. ஆனால் வீட்டில் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை. காலையில் குளித்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிடுவார். மருத்துவரே, போய்விட்டு வரட்டும் என்றார்.

மெயின்ஃபிரேமை அந்தப் பருவ இறுதியில் நிறுத்துவதாக இருந்தது. அவள் கோப்பில் 'பழைய பதிவுகளைச் சரிபார்க்க இன்னும் ஒரு பருவம் தேவை' என்று எழுதினாள். சரிபார்ப்பதற்குக் கொஞ்சம் வேலை இருந்ததும் உண்மைதான். அது முடிந்ததும் இன்னொரு காரணம் எழுதினாள். ஒரே ஒரு ஆள் உட்காரும் அறைக்கு எதற்கு இவ்வளவு குளிர்சாதனம் என்று பராமரிப்புப் பொறியாளர் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். காது கேளாதவள்போல் இருந்துவிட்டாள்.

தினமும் அண்ணி கொண்டுவந்து விட்டுப் போவார். பழைய மாணவர் யாராவது சான்றிதழ் கேட்டிருந்தால், அவள் அந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி அவரிடம் கொடுப்பாள். அவர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்காருவார். விரல்கள் ஓடும், பதிவு வந்து நிற்கும். "இதோ இருக்கார் நம்மாளு" என்று திரையைத் தட்டிக் காட்டுவார். அந்த நேரம் பார்ப்பவர்களுக்கு அவரிடம் ஒரு குறையும் தெரியாது.

ஒரு காலையில் அவள் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையில் இருந்தாள். விசைப்பலகைச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். உள்நுழையப் பெயர் கேட்கும் வரியில் பச்சைக் கட்டம் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டுக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

"இதுல நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். அவர் முகத்தில் பதற்றம்கூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"ஒண்ணும் வேணாம்ணே. இன்னைக்கு வேலை இல்ல."

மறுநாளும் அதுவே. அதற்கு அடுத்த நாளும். அந்த வாரமே நிறுத்துவதற்கான உத்தரவில் அவள் கையெழுத்துப் போட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவழியாக முடிந்ததே என்றார்கள்.

ஆட்கள் வந்து அந்தச் சாம்பல்நிற அலமாரிகளைப் பிரித்து லாரியில் ஏற்றிய அன்று அவரும் வந்திருந்தார். உள்ளே விடாமல் அவரை வாசலில் நிறுத்திவைத்தார்கள். அண்ணி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். ஒவ்வொன்றாக வெளியே வர வர, அவர் வேடிக்கை பார்த்தார். பெரிய அலமாரி ஒன்று படியில் சாய்ந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு எட்டு முன்னால் போனார்.

"பார்த்துப்பா, பார்த்து" என்றார் சுமக்கிறவர்களிடம். "காலுல போட்டுக்காதீங்க. ரொம்பக் கனம்போல இருக்கு."

பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "யாரோ வீடு மாத்துறாங்க" என்றார்.