மேஜைக்கு அடியில் ஒரு வஞ்சிரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இது நடந்தது. தென்சென்னையில் ஒரு பழைய பங்களாவைப் புதுப்பித்து, இத்தாலி நாட்டுச் சாப்பாடு போடும் பெரிய ரெஸ்டாரன்ட் ஒன்று நடத்தினார்கள். அந்த மாதிரி இடத்துக்கு நான் அதற்கு முன்பு போனதில்லை. பிறகும் போகவில்லை.

எங்களுக்கு ஊர் காசிமேடு. நான் எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா மீன் விற்று என்னையும் தங்கையையும் வளர்த்தாள். எனக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது. விசைப்படகு, லாரி கிளீனர், சாத்தாங்காட்டில் இரும்பு தூக்குவது, மங்களூரில் ஐஸ் உடைப்பது என்று எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. தங்கை அப்படியில்லை. உட்கார்ந்து படித்தாள். ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கூட வேலை செய்த ஒருவரை அவளுக்குப் பிடித்துப்போனது.

அவர்கள் வசதியான குடும்பம். அப்பா ஓய்வு பெற்ற இன்ஜினியர், அம்மா ஸ்கூல் டீச்சர். அப்பாவுக்குச் சம்மதம். டீச்சரம்மாவுக்குத்தான் மனசு வரவில்லை. பெண் வீட்டு மனிதர்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருந்தார். அந்த முடிவை நினைத்து என் தங்கை ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். எங்கள் வீடு ஒற்றை அறை. நாலு பேர் வந்தால் ஒருவர் தெருவில் நிற்க வேண்டும். அதனால் மாப்பிள்ளையே, தங்கள் குடும்பம் பிறந்தநாள், கல்யாணநாளுக்கெல்லாம் போகும் அந்த ரெஸ்டாரன்டில் சாப்பிட்டபடி பேசலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்.

அப்போது மங்களூரில் இருந்த எனக்கு அம்மா போன் செய்தாள். "நைனா, ஒன் தங்கச்சிக்குப் பேச வராங்கடா. ஆம்பள இல்லாத வூடுன்னு நெனைக்கப் போறாங்க. மொதல்ல கெளம்பி வா."

வந்தேன். வந்து பார்த்தால் அன்று காலை அம்மா புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வரல?"

"நான் வந்து இன்னா பண்ணப் போறேன்? எம்மாம் சோப்பு போட்டாலும் கையில கவிச்சி போவ மாட்டேங்குது. அந்தம்மா டீச்சராம். நீ போயி கவுரதையா பேசிட்டு வா."

எவ்வளவோ சொல்லியும் அசையவில்லை. ஆனால் விடியற்காலையிலேயே துறைமுகத்துக்குப் போய் ஒரு முழு வஞ்சிரத்தைப் பார்த்து எடுத்து வந்திருந்தாள். செவுளைத் தூக்கிக் காட்டினாள். மாதுளம்பழம் மாதிரி சிவந்திருந்தது. எங்கள் சொந்தத்தில் சம்பந்தம் பேசப் போனால் நல்ல மீனாகப் பார்த்துக் கொண்டுபோவார்கள். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை. ஐஸைத் தூளாக்கிப் போட்டு, இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தங்கைக்குத் தீபாவளிப் புடவை எடுத்த ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வைத்துக் கொடுத்தாள்.

"ஓட்டலுக்கா மீன எடுத்துனு போவாங்க?" என்றேன்.

"ஓட்டலுக்கா குடுக்குறோம்? அவங்களுக்குக் குடுக்குறோம். வூட்டுக்கு எடுத்துனு போயி கொழம்பு வைக்கட்டும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மெட்ரோவில் பையை மெஷினில் விட்டுப் பார்ப்பார்கள் என்று பயந்து பஸ்ஸில் போனேன். பாரிமுனையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். நல்ல வெயில். ரெஸ்டாரன்ட் வாசலுக்குப் போய்ச் சேரும்போது பையின் கனம் குறையாமல் ஐஸ் சத்தம் மட்டும் குறைந்திருந்தது. வாசலில் காவலாளி எனக்கு சல்யூட் வைத்தார். பதிலுக்கு நானும் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே போனதும் கையில் பை இருப்பதே எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. வெள்ளைத் துணி விரித்த மேஜைகள். தரையில் முகம் தெரிந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. தங்கை காலை டியூட்டி முடித்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். டீச்சரம்மா மெல்லிய பட்டுப்புடவையில் இருந்தார். போனவுடன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வாங்க, உக்காருங்க," என்றார். அவ்வளவுதான், எனக்கு வாய் வரவில்லை. பையை மேஜைத் துணிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். தங்கைகூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சாப்பாடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதலில் ரொட்டியும், ஒரு சின்னத் தட்டில் பச்சை எண்ணெயும் வைத்தார்கள். குழம்பு வரும் என்று காத்திருந்தேன். எண்ணெய்தான் குழம்பு என்று பிறகு தெரிந்தது. குடிக்கத் தண்ணீர் என்று ஒன்று ஊற்றினார்கள். உப்பில்லாத கோலி சோடா. பிறகு வட்ட வட்டமாகப் பொரித்து ஏதோ வந்தது. வாயில் போட்டதும் கணவாய் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் எங்கள் பக்கத்துப் பேரைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "அட, நம்ம கடம்பா!"

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். "இதுக்குத் தமிழ்ல பேர் இருக்கா? இத்தனை வருஷமா வேற பேர் சொல்லிச் சாப்பிட்டுட்டு இருக்கேனே. நீங்க என்ன பண்றீங்க தம்பி?"

"சுத்திகினு கீறேன் சார்."

அவர் இன்னும் சிரித்தார். தங்கை என் காலை மிதித்தாள். டீச்சரம்மா சிரிக்கவில்லை.

அப்புறம் தாம்பாளம் அளவு தட்டு ஒன்று வந்தது. அதன் நடுவில் ஒரு பிடி நூல்கண்டு மாதிரி வெள்ளைக் குழம்பில் ஊறிய சேமியா. மாப்பிள்ளை அதை முள்கரண்டியில் சுற்றிக் காட்டினார். எனக்கு வலை பின்னத் தெரியும், நைலான் கயிற்றைச் சுற்றத் தெரியும். இது மட்டும் சுற்றச் சுற்ற நழுவியது. ஆனாலும் நன்றாக இருந்தது. மேலே துருவிப் போட்ட பாலாடைக்கட்டியின் வாசனையும் பூண்டு வாசனையும் இன்றும் எங்காவது வந்தால் நான் ஒரு நிமிடம் நிற்பேன். மாப்பிள்ளை நல்ல மனிதர் என்று அந்த அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கேலி செய்யாமல், நான் சுற்றி முடிக்கும்வரை தானும் மெதுவாகவே சாப்பிட்டார்.

அப்போதுதான் டீச்சரம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். "என்னங்க இது, மீன் கவிச்சி வாடை அடிக்குதே? எவ்வளவு நல்ல இடம் இது!"

பரிமாறிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும், நரை ஏறிய மனிதர். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். மேஜைத் துணிக்கு அடியிலிருந்து தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தது. பையையும் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, தெரியவில்லை.

"சாரி மேடம். கிச்சனுக்கு இப்பதான் மீன் வந்துச்சு. நான்தான் இந்தப் பக்கமா எடுத்துட்டுப் போயிட்டேன். உடனே தொடச்சுடறேன்," என்றார்.

இரண்டு மேஜை தள்ளி நின்ற மேனேஜர் காதில் அது விழுந்துவிட்டது. வேகமாக வந்தார். "ஹால் வழியா சரக்கு எடுத்துட்டுப் போனியா? பின்வாசல் எதுக்கு இருக்கு? எத்தனை வருஷமா வேலை பாக்கற நீ? அறிவு வேணாம்?"

"தப்புதான் சார்," என்று அந்த மனிதர் தலையைக் குனிந்து நின்றார்.

அந்த நிற்பை எனக்கு நன்றாகத் தெரியும். டிரைவர் பண்ணின தப்புக்கு லாரிக்குப் பக்கத்தில் நான் அப்படி எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், "அது என் பை சார்" என்று. சொன்னால் டீச்சரம்மா என்ன முடிவு எடுப்பார் என்பதும் தெரியும். மேனேஜர் திட்டிக்கொண்டே இருந்தார். நான் தலையைக் குனிந்து சேமியாவைச் சுற்றினேன்.

தங்கை அந்தத் தண்ணீர்க் கோட்டைப் பார்த்தாள். அது என் நாற்காலிக்கு அடியில் போய் முடிவதைப் பார்த்தாள். துணியை லேசாகத் தூக்கினாள். தீபாவளிக் கட்டைப்பையை அவளுக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தாள். நான் நிமிரவில்லை.

முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சார், அவர திட்டாதீங்க. அது எங்க மீனு. எங்க அம்மா குடுத்து அனுப்பிச்சிருக்காங்க."

மேனேஜர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவள் டீச்சரம்மா பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து திருத்தமாகத்தான் பேசுவாள். அன்று எங்கள் தெருப் பேச்சு தானாக வந்தது. "எங்க வூட்ல சம்பந்தம் பேசப் போனா வெறுங்கையோட போவ மாட்டாங்க ஆன்ட்டி. உங்களுக்குப் பூ பழம் மாதிரி எங்களுக்கு மீனு."

பக்கத்து மேஜைக்காரர்கள்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார்கள். டீச்சரம்மா கைக்குட்டையை இறக்காமல் கேட்டார்: "உங்க அம்மா ஏன் வரல?"

"அவங்க மேல வாடை அடிக்கும்னு வரல, ஆன்ட்டி."

அவர் கை மூக்கிலிருந்து மெதுவாக இறங்கியது. கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஐஸ்கிரீம் வந்தது. காப்பித் தூள் தூவிய கேக்கும் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் மழையைப் பற்றி ஏதோ பேசினார். கிளம்பும்போது டீச்சரம்மா, "யோசிச்சுச் சொல்றோம்," என்றார். மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதை நீட்ட யாருக்கும் துணிவில்லை.

வாசலில் அந்தப் பரிமாறும் மனிதர் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். தரையைத் துடைத்தபோதே எடுத்துப்போய், உள்ளே புது ஐஸ் போட்டுக் கட்டியிருந்தார். தங்கை கைகூப்பி, "எங்களால உங்களுக்குத் திட்டு, மன்னிச்சிக்குங்கண்ணா," என்றாள்.

"பரவால்லம்மா. கல்யாணப் பேச்சுன்னு பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு. எனக்கு ஒரு திட்டோட போயிடும். உனக்கு அப்படியில்லையே," என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். ராயபுரம் பாலம் தாண்டியபோது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "நீ சொல்லியிருக்கணும்ண்ணா."

திரும்பி வந்த பையை அம்மா பார்த்தாள். மீனைத் துண்டு போட்டுத் தெருவுக்கே பங்கு வைத்துக் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. அடுத்த பத்து நாளும் தங்கை போனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள். எப்போதும் போல ஓடிவிடலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எப்படியோ ஓடாமல் இருந்தேன்.

பதினோராவது நாள் காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. டீச்சரம்மா மகனோடு இறங்கினார். அம்மா அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்திருந்தாள், கையெல்லாம் செதில். "ஐயோ, இருங்க, கைய கழுவிக்கினு வரேன்," என்று பின்பக்கம் ஓடப்பார்த்தாள். டீச்சரம்மா விடவில்லை. அந்தக் கையையே பிடித்துக்கொண்டார்.

"நான் எதையும் மறைச்சுப் பேசறவ இல்ல," என்றார் அம்மாவிடம். "எனக்கு மீன் வாடை ஆகாது. இனிமேலும் ஆகுமான்னு தெரியல. ஆனா உங்க பொண்ணு, தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் இன்னொருத்தர் திட்டு வாங்கறத பாத்துட்டு உக்காந்திருக்கல. அந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க பேசாம இருந்தது எனக்குப் பிடிக்கல. அதையும் சொல்லிடறேன்."

"எனக்கும்தான் புடிக்கலம்மா," என்றேன். அதற்குத்தான் அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மேளம், பந்தல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் நான்தான் அலைந்தேன். தகப்பன் இல்லாத பெண்ணை அண்ணன்காரன் நின்று கரையேற்றிவிட்டான் என்று தெருவில் எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். இப்போது அம்மா இல்லை. நான் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு வருடமாக ஒரே வேலையில் இருக்கிறேன். நடுவில் அந்தப் பரிமாறும் மனிதரைப் பார்த்து நன்றி சொல்ல ஒருநாள் அந்த ரெஸ்டாரன்ட் வாசல்வரை போனேன். அவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்றார்கள்.

ஊர் ஊராகச் சுற்றியவன், எதற்கும் பயப்படாதவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பயப்பட வேண்டியவள் பயப்படாமல் எழுந்து நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன, அந்த வெட்கம் போகாமல் இருப்பதும் நல்லதுதான் என்று படுகிறது.