என் கல்யாண ஓலையில் அம்மா

அப்பாவுக்கு ஒரு தெய்வம் கோயிலில் இருந்தது, இன்னொன்று அலமாரியில் இருந்தது. அலமாரித் தெய்வம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஒருவர். உலகப் புகழ் பெற்றவர், தாடிக்காரர். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் அப்பா அவருடைய கதை ஒன்றைச் சத்தமாக வாசிப்பார். ஆங்கிலம் புரியாத அம்மாவுக்காகத் தமிழிலும் சொல்வார். அம்மா பலகார மாவை உருட்டிக்கொண்டே கேட்பாள். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இடம் வந்தால் அப்பாவுக்குக் குரல் கம்மிவிடும். மற்ற நாட்களில் அந்தக் குரல் கம்மி நான் கேட்டதில்லை.

நான் ஆங்கிலம் படித்து ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனதற்கு அந்த அலமாரிதான் காரணம். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில், அந்த எழுத்தாளரின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி மாணவிகளுக்கு ஒரு மணி நேரம் பேசும்படி துறைத்தலைவி சொன்னார். எனக்கு அல்வா சாப்பிடுகிற வேலை என்று நினைத்துக்கொண்டு நூலகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பிரித்தேன். மூடும்போது தலை சுற்றியது.

அடுப்பங்கரைச் சூட்டையும் குடும்பப் பாசத்தையும் எழுதியே பேர் வாங்கிய மனிதர், பத்துப் பிள்ளைகள் பெற்ற மனைவியை வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறார். அதற்கு முன்னால், தன் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே இருந்த கதவை அடைக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு பத்திரிகையில் தன் பக்கத்து நியாயத்தை அச்சிட்டு ஊருக்கே சொல்லியிருக்கிறார். கொஞ்ச காலம் கழித்து மகளுக்குக் கல்யாணம். பெற்ற தாய்க்கு அழைப்பில்லை. இதோடு விட்டிருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். விருந்தினர்கள் போன பிறகு, மகள் கழற்றிப் போட்ட கல்யாண உடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாராம். இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மாணவிகளிடம் போய் நான் என்ன சொல்வது?

குழப்பம் அவரைப் பற்றி மட்டும் என்றால் பரவாயில்லை. என் அம்மாவும் அப்போது வீட்டில் இல்லை. அப்பா குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். அம்மாவிடம் பேச மாட்டார், அவ்வளவுதான். எப்போது தொடங்கியது, எதனால் என்று இருவரும் சொன்னதில்லை. அம்மா எதிரிலேயே நின்றாலும், காபி வேண்டுமென்று அவளிடம் சொல்லும்படி என்னிடம் சொல்வார். ஒரு நாள் அம்மா இரும்புப் பெட்டியோடு ஆட்டோ ஏறி, தொம்மலூரில் மாமா வீட்டின் பின்கட்டு அறைக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டேன். “செவுத்துகூட எவ்ளோ நாள்தான் பேசறது?” என்றாள்.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு, மாமாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று அப்பா சொல்லிவைத்தார். நல்ல கல்லுக்குண்டாக இருந்த மாமாவை இரண்டு வருஷம் படுக்கையிலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது மழுப்பிவிட்டார். நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு மட்டும் உண்மை தெரியும்.

என் கல்யாணத்துக்கு அம்மா வருவாளா? எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை, இது ஒன்றுதான். கேட்டால் பிடி கொடுக்க மாட்டாள். அழைக்க வேண்டியவர் அழைக்கட்டும் என்பாள். அப்பாவிடம் கேட்டால் செய்தித்தாளைத் திருப்புவார். பொறுக்க முடியாமல் ஒரு நாள், உங்கள் எழுத்தாளர் மகள் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூப்பிடவில்லை தெரியுமா என்று போட்டு உடைத்தேன். அதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம், நாம் புத்தகத்தைப் படித்தால் போதும் என்றார் அப்பா. ஆனால் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரறிய அறிவிப்பது. பெண்ணின் பெற்றோர் இருவருமாக, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் போய் விவரம் கொடுப்பது வழக்கம். எங்கள் வீட்டிலிருந்து அப்பா மட்டும் போனார். உபதேசியார் அத்திபெலே பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்தவர், எங்களைத் தெரியாது.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்திருந்தாள். பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா முன்வரிசையில். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உபதேசியார் மைக்கைத் தட்டிவிட்டு அப்பாவின் பெயரை வாசித்தார். பிறகு, “காலஞ்சென்ற” என்று சொல்லி அம்மாவின் பெயரை வாசித்தார்.

திரும்பிப் பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் இறந்தவளுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள். பழக்கதோஷத்தில் அம்மாவும் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பாவின் முதுகு அசையவில்லை.

பூசை முடிந்து நான் ஓடுவதற்குள் அம்மா போய்விட்டாள். உபதேசியாரைப் பிடித்தேன். பாவம், அந்த மனிதர் அழாத குறை. அம்மாவைப் பற்றிக் கேட்டபோது அப்பா பதில் சொல்லாமல் சுவரில் இருந்த, இயேசு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பெண்சாதியை இழந்தவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று இவரே எழுதிக்கொண்டாராம். அடுத்த வாரம் திருத்தி வாசிக்கிறேன் என்றார். வாசிக்கவும் செய்தார்.

வீட்டில் அப்பாவை விடவில்லை. உபதேசியார் எழுதியதைப் பார்த்தீர்களா, பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். பிறகு ஏன் திருத்தச் சொல்லவில்லை என்று கத்தினேன். அப்போது அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

“புருஷன விட்டுட்டுப் போனவன்னு மாப்பிள்ளை வீட்டுல நாலு பேர் பேசுவாங்க. செத்துட்டான்னா யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்கம்மா.”

அது பாசமா, கொடுமையா? எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாயின. அந்த வாரம் கல்லூரியில் என் பேச்சும் அப்படித்தான் ஆனது. எழுத்தாளரைக் கிழிக்கவும் முடியவில்லை, காப்பாற்றவும் முடியவில்லை. மாணவிகள் கொட்டாவி விட்டார்கள்.

கல்யாணத்தன்று காலை, கோயிலுக்குப் புறப்படும் முன் தாயும் தகப்பனும் பெண்ணின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்க வேண்டும். அதை அப்பாவோடு மட்டும் முடித்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை. காரைத் தொம்மலூருக்கு விடச் சொன்னேன். அப்பா பக்கத்தில் இருந்தார், மறுக்கவில்லை. அங்கே போனதும் காரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பட்டுப்புடவை கட்டித் தயாராக இருந்தாள். கோயிலுக்கு வரவா, அறையிலேயே இருக்கவா என்று அவளே தீர்மானிக்காமல் கட்டியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு, ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாள்.

“உங்கப்பாவ உள்ள வரச் சொல்லு. நான் உயிரோட இருக்கறத அவரும் ஒரு தடவ பாக்கட்டும்.”

அப்பா வந்தார். நிலைப்படியில் நின்றார். மகளுக்குக் கல்யாணம், நீ வர வேண்டும் என்று சொல்ல அவருக்கு இரண்டு முறை தொண்டையைச் செரும வேண்டியிருந்தது. அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். இருவரும் என் நெற்றியில் சிலுவை வரைந்தார்கள், ஒருவர் கை மற்றவர் மேல் படாமல்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். அப்பா நேராக அவர்களிடம் போனார். “இவங்க என் வீட்டம்மா. தொம்மலூர்ல தனியா இருக்காங்க. தப்பு அவங்க மேல இல்ல” என்றார். அவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் கும்பிட்டார்கள். அம்மாவும் கும்பிட்டாள். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. இன்று இரவே அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று மனக்கோட்டை கட்டினேன்.

விருந்து முடிந்து நாங்கள் புறப்படும் நேரம். அப்பா எழுந்து வாசல் கேட்டுக்குப் போனார். மீட்டருக்கு மேல் கேட்ட ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் சண்டை போட்டார். அம்மா ஏறியதும், வெளியே தொங்கிய முந்தானையை எடுத்து உள்ளே விட்டார். தொம்மலூருக்கு வழி சொன்னார். ஆட்டோ திரும்பும் வரை நின்றுவிட்டு, தனியாக நடந்து வந்தார்.

நான் ஓவென்று அழுதேன். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் அழுவது சகஜம்தானே என்று யாரும் ஏன் என்று கேட்கவில்லை.