கல் மண்டபத்தில் கம்மி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கடைசியாக நான் எழுதிய ஒரே ஒரு சொல்லுக்கு மங்கலம் முதல் வீரபாண்டி வரை சிரித்துவிட்டார்கள். இப்போது அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். என்னை முட்டாளாகக் காட்டுவதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. முட்டாள்தனம் செய்தவன் நான். அதை நான் சொன்னால்தானே சரியாக இருக்கும்?

எங்கள் ஊர் திருப்பூர்ப் பக்கம், மங்கலத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு காலத்தில் பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்து நின்ற ஊராம். அதற்கு மிச்சம் இருக்கும் சாட்சி, சந்தைப்பேட்டையிலுள்ள கல் மண்டபம். அங்கே ஒரு தூணில் கை நீளத்துக்கு இரண்டு கோடு வெட்டியிருக்கும். வியாபாரிகள் துணி அளந்த அளவு அது. நாங்கள் சின்ன வயதில் அதில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதினோம்.

மண்டபத்தைச் சுற்றிப் பேரூராட்சிக் கடைகள் உண்டு. எல்லாம் பூட்டித்தான் கிடந்தன. ஊரே காலையில் கம்பெனி வேன் ஏறித் திருப்பூர் போய்விடுகிறது. வேண்டியதை எல்லாம் அங்கேயே வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறது. அப்புறம் இங்கே யார் கடை திறப்பார்கள்?

சின்ன வயதிலிருந்து கூடவே திரிந்த என் சேக்காளி திறந்தான். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவன், வேலையை விட்டுவிட்டு மண்டபத்தை ஒட்டிச் சந்தகைக் கடை போட்டான். வேகவைத்த அரிசிமாவு உருண்டையைச் சூட்டோடு அச்சில் பிழிந்து, மேலே தேங்காய்ப்பால் ஊற்றித் தருவான். அவனைப் பற்றி எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன், அந்தச் சந்தகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் சாப்பிட ஆள் வேண்டுமே.

அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஓர் அக்கா எங்கள் ஊர் வள்ளிக் கும்மிக் குழுவை நடத்துகிறார். முப்பது பெண்கள். ஊர் ஊராகப் போய்க் கோயில் விசேஷங்களில் வட்டம் கட்டிக் கைதட்டி ஆடுவார்கள். சேக்காளி அவரைப் பிடித்தான்.

"ஊரூராப் போயி ஆடறீங்களேக்கா, நம்மூரு மண்டபத்துல ஆடுனா காலு நோவுதுங்களா?"

"இங்க ஆடுனா யாருடா பாக்கறது? தூணா?"

"கும்மி பாக்க நாலு சனம் வந்தா, அப்படியே சந்தகை திங்கும், மண்டபத்தப் பாக்கும், நாலு கடை தொறக்குமுங்கக்கா. எல்லா ஊரும் என்னென்னமோ கட்டி சனத்தக் கூப்புடுது. நமக்குக் கட்டியே வெச்சுட்டுப் போயிருக்கறாங்க."

அக்கா ஒப்புக்கொண்டார். பேரூராட்சியில் கேட்டோம். அதிகாரி உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த இடம் முழுவதையும் நூல் குடோனுக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறதாம். நான்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடத்திக்கொள்ளலாம். அதற்குள் கடைகள் திறந்து ஜனம் வந்தால் சரி, இல்லாவிட்டால் குடோன்தான். குடோன் வந்தால் சந்தகைக் கடை போகும்.

"நாலு வாரமுங்ணா. அப்பறம் இவரு பழையபடி வேன்லதான் ஏறோணும்" என்றாள் சேக்காளியின் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான்தான் சிரிக்கவில்லை.

முதல் ஞாயிறு, ஆடியவர்கள் முப்பது பேர், பார்த்தவர்கள் பதினாலு பேர். அதில் ஆடியவர்களின் புருஷன்மார் ஒன்பது. இரண்டாவது ஞாயிறு மழை வேறு வந்து, புருஷன்மாரும் குறைந்துபோனார்கள். மிஞ்சிய சந்தகையை நான்தான் தின்றேன்.

"டேய், எனக்கொருத்தனுக்குக் கடை வெச்சதுக்கு இத்தனை பெரிய மண்டபம் எதுக்குடா?" என்று கேட்டேன்.

அவன் அச்சைக் கழுவிக்கொண்டே இருந்தான். நான் கிண்டல் செய்து அவன் திருப்பித் திட்டாத முதல் நாள் அது. எனக்குப் பயமாகிவிட்டது.

அதனால்தான் பேனர் அடித்துத் தருகிறேன் என்றேன். நான் பனியனுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங் போடுகிறவன். கம்பெனியில் கழித்துப் போட்ட துணியைக் கேட்டு வாங்கி, இருபது பேனர் அடித்தோம். மேலே சின்ன எழுத்தில் "ஞாயிறுதோறும் சந்தைப்பேட்டைக் கல் மண்டபத்தில்". கீழே ஆள் உயரத்துக்குக் "கும்மி".

ஸ்க்ரீனின் ஓரத்தில் மை கசியாமல் இருக்க டேப் ஒட்டுவோம். அவசரத்தில் அடிப்பக்கம் கொஞ்சம் அகலமாக ஒட்டிவிட்டேன். 'கு'வின் அடியில் வளைந்து வருகிற சுழி டேப்புக்குள் போய்விட்டது. என்னோடு பிரிண்ட் போடும் பீகார்க்காரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த நான் படிக்கவில்லை. இருபதையும் அன்றைக்கு ராத்திரி இருட்டிலேயே பஸ் ஸ்டாப், கம்பெனி கேட், டீக்கடை என்று கட்டிவிட்டு வந்து படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் சேக்காளி போன் செய்தான்.

"பேனர்ல என்னடா அடிச்சிருக்கற?"

"கும்மி."

"போயி நின்னு படி."

மங்கலம் பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திப் படித்தேன். ஞாயிறுதோறும் சந்தைப்பேட்டைக் கல் மண்டபத்தில் கம்மி.

திருப்பூர்க்காரன் காதுக்குக் கம்மியைவிட இனிய சொல் கிடையாது. எங்கே விலை கம்மி என்று தெரிந்தால் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து போவான். அவனுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சேக்காளிக்குத் திரும்பப் போன் போட்டேன்.

"எல்லாத்தயும் கழட்டிப் போடட்டுமாடா?" என்றேன்.

"இனி எப்பக் கழட்டுவ? நாளைக்கு வாரவங்களுக்கு நீயே வாசல்ல நின்னு பதில் சொல்லு."

வந்தார்கள். டூவீலரில், டவுன் பஸ்ஸில், சொல்லிவைத்தாற்போல ஆளுக்கொரு கட்டைப்பையோடு வந்தார்கள். முதலில் ஒரு பெரிய அம்மா என்னிடம் வந்தார்.

"ஏனுங் தம்பி, கம்மி எங்கீங்க?"

"உள்ள வாங்கம்மா. ஆரம்பிக்க இன்னும் பத்து நிமிசம் ஆகுமுங்க."

"பனியனுங்களா, பிட்டுத் துணியா?"

"எல்லாமே ரவுண்டுங்க."

"ரவுண்ட் நெக்குங்களா?"

"ரவுண்டுதானுங்க. நெக் இல்லீங்க."

அந்த அம்மா நம்பி உள்ளே போய்விட்டார். பின்னாலேயே கும்மி அக்கா வந்து என் காதைப் பிடித்தார்.

"என்னத்தடா சொல்லி இத்தன சனத்தக் கூட்டியாந்த?"

"ஒன்னும் சொல்லலீங்கக்கா. எழுதித்தான் கூட்டியாந்தேன்."

உள்ளே முணுமுணுப்பு ஏறிக்கொண்டிருந்தது. கடை எங்கே, துணி எங்கே என்று கேட்டார்கள். சேக்காளி அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அக்கா என் காதை விட்டுவிட்டு மைக்கை எடுத்தார்.

"பேனர்ல ஒரு சுழி உட்டுப்போச்சுங்க. இது கம்மி இல்லீங்க, கும்மி. அதுக்காக யாரும் கோவிச்சுட்டுப் போயராதீங்க. பையக் கீழ வெச்சுப்போட்டு வட்டத்துக்கு வாங்க. கையி ரெண்டும் வேணும். காசு வேண்டாம், பேரம் வேண்டாம். இதுக்கு மேல கம்மியா உங்களுக்கு யாரு குடுப்பா?"

ரவுண்ட் நெக் கேட்ட அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். பையைத் தூணோரம் வைத்தார், சேலையை இழுத்துச் செருகினார், வட்டத்துக்குள் இறங்கினார். அவர் பைக்குப் பக்கத்தில் இன்னொரு பை வந்தது. அப்புறம் தூண் தெரியாத அளவுக்குப் பை. ஒரு வட்டம் பத்தாமல் மூன்று வட்டம் கட்டினார்கள். கைதட்டும் சத்தம் மண்டபத்துக் கல்லில் பட்டுத் திரும்பியபோது, அந்தக் கல்லும் சேர்ந்து தட்டுவதுபோல இருந்தது.

கும்மி ஆடினால் பசிக்கும். மாவு தீர்ந்து, இரண்டாம் முறை வேகவைத்து, அதுவும் தீர்ந்தது. அச்சு பிழிந்து பிழிந்து என் கை வீங்கிவிட்டது. எனக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை. சேக்காளி என்னைப் பார்த்து, "தின்னதெல்லாம் இப்பப் பிழியுடா" என்றான். அவன் வாயில் திட்டு வாங்கி எவ்வளவு நாளாயிற்று!

காலிப்பையோடு திரும்பும் ஜனத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குள் யாருக்கும் பொறுக்க முடியவில்லை. நான்காவது ஞாயிறு பூட்டிக் கிடந்த கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்றில் தையல் பிசகிக் கழித்த செகண்ட்ஸ் பனியன், ஒன்றில் முறுக்கு, ஒன்றில் பூ. துணி வாங்கியவர்கள் அதைக் கொண்டுபோய்த் தூணில் வெட்டிய கோட்டில் வைத்து அளந்து பார்த்தார்கள். எங்கள் கிரிக்கெட் ஸ்கோரை யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

அன்றைக்கு அதிகாரியும் வந்தார். உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்று சந்தகை சாப்பிட்டார். குடோன் என்ன ஆச்சுங்க என்று சேக்காளியின் மனைவி கேட்டாள்.

"ஆளு நிக்கவே எடமில்ல, நூல் மூட்டைய எங்கம்மா வெக்கறது?" என்று சொல்லிவிட்டு, இலையை நீட்டி இன்னொரு கரண்டி தேங்காய்ப்பால் கேட்டார்.

அவள் அவருக்கு இரண்டு கரண்டி ஊற்றினாள்.

மாதங்கள் போய்விட்டன. இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்குக் கம்பெனி வேன் ஜனத்தைக் கொண்டுவந்து இறக்குகிறது. பேனர்கள் வெயிலில் வெளுத்துவிட்டன. நேற்று, புது ஸ்க்ரீன் போடப் போகிறேன், இந்தத் தடவை சுழியோடு சரியாகக் கும்மி என்றே அடித்துவிடட்டுமா என்று சேக்காளிக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "அதுல கை வெச்சீன்னா கூட்டம் கம்மியாயிரும், மூடிட்டுப் போடா."