சுசீலாவின் இருபது

சுசீலாவுக்கு உட்கார வராது. பருத்திப்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஆவடிக்கு வந்து, அங்கிருந்து பட்டரவாக்கம் வரை ரயிலில் வருவார். அந்த நேரம் முழுக்க கதவோரம்தான் நிற்பார். பெட்டி காலியாகக் கிடந்தாலும் அப்படித்தான். சாப்பாட்டையும் நின்றபடியே முடிப்பார். மற்றவர்கள் டப்பாவைத் திறப்பதற்குள் இவர் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்.

"எங்க ஊட்டுக்காரரு ஒரு இட்லியத் துண்ணு முடிக்கறதுக்குள்ள நா அம்பத்தூரே வந்துருவேன் சார்" என்பார். கணவர் பால்ராஜ் மினி லாரி ஓட்டுபவர். ஆற அமர ஓட்டுகிறவர். இந்த இரண்டு பேருக்கும் எந்தப் புண்ணியவான் பொருத்தம் பார்த்தானோ தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் ராகவன். சொந்த ஊர் திண்டுக்கல், இப்போது முகப்பேரில் வாடகை வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். இரும்பை உருக்கி பம்பு உறுப்புகள் வார்க்கிற இடம். ஒரு உலை, ஒரு மணல் கலவை எந்திரம், முப்பது ஆட்கள். சுசீலாவுக்கு நடந்ததை எழுதுகிறேன் என்றால் அவர் மேல் இருக்கிற பிரியம் மட்டும் காரணமில்லை. அதில் என் கை இருக்கிறது.

அவர் கோர் போடுகிறவர். கோர் என்றால் இதுதான்: பம்புக்கு உள்ளே தண்ணீர் ஓட இடம் வேண்டும். இரும்பை ஊற்றும்போது அந்த இடத்தை அடைத்துக்கொள்ள அதே வடிவத்தில் ஒரு மணல் கட்டியை உள்ளே வைப்போம். வார்ப்பு ஆறியதும் அதை உடைத்துக் கொட்டிவிடுவோம். கட்டி நடுவில் உதிர்ந்தால் மணல் இரும்போடு கலந்து வார்ப்பு பாழ்.

மணல் தானாக ஒட்டாது. சோடியம் சிலிகேட் என்று தேன்பாகு போல ஒரு திரவம் இருக்கிறது. அதை மணலில் பிசைந்து, பெட்டியில் அடைத்து, சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை ஊதினால் சிலிசிக் அமிலம் உண்டாகும். அமிலம் என்றதும் கையை இழுத்துக்கொள்ள வேண்டாம். எலுமிச்சம்பழத்துக்கு இருக்கிற வீரியம்கூட இதற்குக் கிடையாது. இதற்குத் தனியாக இருக்கத் தெரியாது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கிறதோடு கை கோக்கும், கோக்கும்போது கொஞ்சம் தண்ணீரை உதறும், அது இன்னொன்றோடு கோக்கும். கடைசியில் எல்லாம் சேர்ந்து வலையாகி, ஜெல்லியாக இறுகிவிடும். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது நீர்த்த சிலிகேட்டில் அமிலம் சொட்டிக் கலக்கி வைத்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் பீக்கரைக் கவிழ்த்தால் ஒரு துளி விழவில்லை. அந்த ஜெல்லியைக் கழுவி உலர்த்தினால், புதுச் செருப்பு டப்பாவிலும் மாத்திரை டப்பாவிலும் ஈரம் உறிஞ்சப் போடுகிறார்களே, அந்தச் சின்னப் பொட்டலத்துக்குள் இருக்கும் மணிகள் கிடைக்கும்.

எங்களிடம் அந்த ஜெல்லிதான் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் வாயு ஊதுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். குறைந்தால் கோர் கையிலேயே சரியும். கூடினால் எடுத்த எடுப்பில் கருங்கல் மாதிரி நிற்கும். இரண்டு நாளில் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் பொடியாகும். சரியாக ஊதின கோர் முதலில் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், போகப்போக இறுகும். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நான் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். அதுதான் கேவலம்.

சுசீலா இந்த பெஞ்சுக்கு வந்து பதினான்கு வருடம். அதற்கு முன் ஆறு வருடத்தில் ஒன்பது வேலை. பிஸ்கட் பாக்கெட் போட்டார், நோட்டுப் புத்தகம் தைத்தார், எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிர் வெட்டினார். "ஒரே எடத்துல குந்திகினு ஒரே நூலப் பாத்துகினு கீறதுக்கு என்னால ஆவாது" என்று எல்லாவற்றையும் உதறினார். இந்த பெஞ்சில்தான் கால் தரித்தது. அடை, தட்டு, ஊது, எடு, அடுத்தது. அவர் வேகத்துக்கு ஈடு கொடுத்த ஒரே வேலை இது. அவர் போட்ட கோர் உதிர்ந்ததாக ஒரு நாளும் கிடையாது. எஸ்டேட்டில் மற்ற ஃபவுண்டரிக்காரர்கள்கூட "சுசீலா கோர்" என்றே சொல்வார்கள். அந்தப் பெயர்தான் அவர் சம்பாதித்த சொத்து. அதைத் தவிர வேறு எதையும் அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வருவதாகச் சொன்னார். எல்லா வேலைக்கும் எழுத்தில் அளவு வேண்டும், ஆளின் மனக்கணக்குப்படி எதுவும் நடக்கக் கூடாது என்றார். எங்கள் முதலாளி சம்பந்தம், வாயு நேரம் முடிந்ததும் தானே மூடிக்கொள்கிற டைமர் ஒன்றை வாங்கி வந்தார். ஒவ்வொரு வேலைக்கும் அளவு குறித்துச் சுவரில் மாட்டுகிற கார்டை எழுத நான் உட்கார்ந்தேன்.

"அக்கா, கேஸ் எவ்ளோ நேரம் விடுறீங்க?"

"இருவது" என்றார். கை நிற்கவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இருபது விநாடி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சுவரில் மாட்டினேன். டைமரையும் இருபதில் வைத்தோம். ஆயுத பூஜைக்கு டைமருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. ஒரே கோரை வெவ்வேறு நேரம் ஊதிச் சோதித்துப் பார்த்திருக்கலாம். ஆடிட்டுக்கு நான்கு நாள்தான் இருந்தது, பார்க்கவில்லை.

முதல் நாள் கோர்கள் டங் டங்கென்று ஒலித்தன. சம்பந்தம் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். சுசீலா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், இந்த டைமரு இன்னாவோ இழுத்துகினே கீது. கோரு செத்துப்பூடும்."

"நீங்க சொன்ன இருபதுதானே அக்கா?"

"நா சொன்னது இருவதுதான். ஆனா இது ரொம்ப நேரம் ஊதுது."

"இருபதுன்னா இருபதுதான் அக்கா. மெஷின் பொய் சொல்லாது" என்றேன். அவசரக்காரருக்கு வாயு ஓடும்போது சும்மா நிற்கப் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் இன்னும் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் அதே பதிலைச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் நாற்பது பம்பு வார்த்தோம். இருபத்து மூன்றில் ஓட்டை. கோர் அடுக்கியிருந்த ரேக்கில் விரலை வைத்தால் வெள்ளை மாவு ஒட்டியது. மழை நேரம், ஈரக்காற்று என்றேன். சிலிகேட் டிரம் பழசு என்று புது டிரம் வாங்க வைத்தேன். மணலைச் சலித்து, காயவைத்து, மறுபடி சலித்தோம். அதற்கடுத்த வாரம் இன்னும் மோசமானது. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உலைக்கும் ரேக்குக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அந்தக் கார்டைத் தவிர.

மூன்றாவது வாரம் சம்பந்தம் பெஞ்சுக்கே வந்துவிட்டார். முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாமா சுசீலா, டைமர் வெச்சது புடிக்கலைன்னா நேரா சொல்லு. வேணும்னே கோரக் கெடுக்கற வேலையெல்லாம் என்னாண்ட வெச்சுக்காத."

சுசீலா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த வார்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

கையுறையைக் கழற்றி பெஞ்சில் போட்டார். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. எஸ்டேட் டீக்கடையில் ஒரு வாரத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. சுசீலா கோர் உதிருதாமே, முதலாளி மேல கடுப்புல பண்ணிச்சாமே என்று என்னிடமே வந்து கேட்டார்கள். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் பெஞ்சில் யூசுப்பை நிறுத்தினோம். பன்னிரண்டு வருடமாக எங்களுக்கு மணல் கலக்குபவர், நிதானமான மனிதர், முதலாளி மேல் எந்தக் கடுப்பும் இல்லாதவர். இரண்டு நாள் கழித்து அவர் போட்ட கோர்களும் மாவாக உதிர்ந்தன.

"சார், என் மேலயும் கேஸ் போடுவீங்களா?" என்றார் யூசுப். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோளாறு கையில் இல்லை என்றால், இரண்டு கைக்கும் பொதுவாக இருப்பது என்ன? தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் வாடிக்கையாளருக்கு ஏதோ படம் அனுப்ப போனில் தேடினேன். ஆடி மாதம் எடுத்த ஒரு வீடியோ கண்ணில் பட்டது. கோர் போடும் விதத்தைக் காட்ட நானே எடுத்தது. டைமர் வருவதற்கு முந்தையது. சுசீலா வாயுவைத் திறக்கிறார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணுகிறார். மாம்பலத்தில் பூ விற்பவர்கள்கூட அவ்வளவு வேகமாக எண்ண மாட்டார்கள். ஒரு எண் முடிவதற்குள் அடுத்த எண் அதன் மேல் ஏறுகிறது. இருவது என்று சொல்லி மூடுகிறார்.

வீடியோவின் கீழே ஓடும் நேரத்தைப் பார்த்தேன். திறக்கும்போது ஏழு. மூடும்போது பதினெட்டு.

பதினோரு விநாடி! பதினான்கு வருடமாக அவருடைய இருபது பதினோரு விநாடிதான். அவர் பொய் சொல்லவில்லை. விநாடி என்று அவர் சொல்லவே இல்லை. அந்தச் சொல்லைச் சேர்த்து எழுதியது நான்.

டைமரைப் பதினொன்றில் வைத்தேன். யூசுப் போட்ட கோர் எடுக்கும்போது கொஞ்சம் மெத்தென்று இருந்தது. மூன்றாம் நாள் ஆணியால் கீறினாலும் கோடு விழவில்லை. நாற்பது பம்பு வார்த்தோம், ஒன்றும் போகவில்லை. சம்பந்தம் என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "டைமர் செட்டிங்கைக் கொஞ்சம் மாத்தினேன் சார்" என்றேன். அப்போதும் அவ்வளவுதான் வந்தது வாயில்.

"அப்ப சுசீலாவக் கூப்புடுய்யா. வரச் சொல்லு" என்றார். முதலாளிக்கு எல்லாம் அவ்வளவு சுலபம்.

பால்ராஜின் எண்ணை வாங்கி, அவர் மூலம் விசாரித்தேன். சுசீலா இங்கிருந்து போன அடுத்த வாரமே திருமழிசையில் ஒரு ஃபவுண்டரியில் சேர்ந்துவிட்டார். ஆனால் கோர் பெஞ்சில் இல்லை. டீக்கடைப் பேச்சு அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வார்ப்பைத் தட்டி மணல் உதிர்க்கிற வேலை கொடுத்திருந்தார்கள். பால்ராஜ் இதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எனக்கு அவர் சீக்கிரம் சொல்லி முடித்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் வேலை நேரத்தில் சுசீலாவைக் கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தார். சம்பந்தம் என் பக்கத்தில் நின்று, வரச் சொல் வரச் சொல் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன். உங்க இருபது, பதினோரு செகண்டுதான். வீடியோல இருக்கு. கார்டுல தப்பா எழுதிட்டேன்."

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. போன் கட்டாகிவிட்டதா என்று பார்த்தேன். இல்லை.

"நாந்தான் அப்பவே சொன்னேனே சார், ரொம்ப நேரம் ஊதுதுன்னு."

"சொன்னீங்க."

"மூணு தபா சொன்னேன்."

"ஆமா அக்கா. முதலாளி உங்களத் திரும்ப வரச் சொல்றாரு."

"நா வர்ல. வேணும்னே பண்றேன்னு அத்தினி பேரு முன்னாடி சொன்னாரு. நீங்க பக்கத்துலதான நின்னுகினு இருந்தீங்க?"

சம்பந்தம், என்னவாம் என்று புருவத்தை உயர்த்தினார்.

"சரி, வுடுங்க. ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க" என்றார் சுசீலா. "இங்க ஃபோர்மேன் கோவிந்தன் கீறாரு. என்னாண்ட சொன்னத அவராண்ட சொல்லுங்க. அவரு காதால கேக்கணும்."

போன் கை மாறியது. ஒரு கட்டைக் குரல், "ம், யாரு?" என்றது. சம்பந்தம் ஓரடி தள்ளி நிற்கிறார். நகர்ந்து போய்ப் பேசலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நகரவில்லை.

"சார், நான் அம்பத்தூர் ஃபவுண்டரி குவாலிட்டி ராகவன். இங்க கோர் உதிர்ந்ததுக்கு சுசீலாம்மா காரணம் இல்ல. கேஸ் நேரத்தத் தப்பா எழுதி, டைமர அதுல வெச்சது நான். அவங்க மூணு தடவை எச்சரிச்சாங்க, நான் கேக்கல. பதினாலு வருஷத்துல அவங்க கோர் ஒண்ணுகூட உதிர்ந்ததில்ல."

சம்பந்தத்தின் கை இறங்கியது. என்னை உற்றுப் பார்த்தார்.

"அப்போ அந்தம்மா கையில தப்பு இல்லேங்கற?" என்றார் கோவிந்தன்.

"இல்ல சார். தப்பு என்னோடது."

அவர் போனைக் கையில் வைத்தபடியே கத்தினார். "யம்மா, சுசீலா! சுத்திய அங்கியே போட்டுட்டு கோர் பெஞ்சுக்குப் போ!"

போன் மறுபடி சுசீலாவிடம் வந்தது. பின்னால் மணல் கலவை எந்திரம் ஓடுகிற இரைச்சல் கேட்டது. அவர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று மூச்சிலிருந்து தெரிந்தது. மூன்று நாளாக மனதுக்குள் எழுதி எழுதி அடித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அக்கா, என்னை மன்னி..."

"சார், பொட்டி ரெடியா கீது, கேஸத் தொறக்கணும். வெச்சிடறேன்."

வைத்துவிட்டார்.