ஓடக்காரியின் கடைசி வசனம்

என் கைப்பேசியில் ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஓடாது. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று மகளின் கல்யாண வீடியோவையே அழித்தவன் நான். இதை மட்டும் அழிக்கவில்லை. தகரக் கூரையில் மழை ஓய்ந்து சொட்டும் ஓசையோடு அது தொடங்கும். பிறகு ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைத்தான் உலகத்துக்குக் கொடுத்தேன். உலகம் என்பது கொஞ்சம் அதிகப்படி. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் வேலை நேரத்தில் கேம் விளையாடிக்கொண்டிருக்கும் தமிழர்கள் என்று திருத்திக்கொள்கிறேன்.

நான் எஹலியகொடைக்கு மேலே, ரப்பரும் தேயிலையும் பாதிக்குப் பாதி நிற்கும் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகை ஒன்றில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன். நிறையப் படித்தவன் என்றொரு பேச்சும் என்னைப் பற்றி உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். இந்தப் பேச்சை நம்பியவர்களில் ஒருவன் என் மருமகன், அக்கா பையன். கொழும்பில் கணினி வேலை பார்க்கிறவன், இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து தமிழில் ஒரு கேம் செய்துகொண்டிருந்தான். ஊரெல்லாம் வெள்ளத்தில் மூழ்கிப்போன ஒரு நாடு. அதில் ஒரு கிழவி ஓடம் வலித்துக்கொண்டுபோய், தனித்துவிடப்பட்ட குழந்தைகளை ஒவ்வொன்றாக மேட்டு நிலத்தில் சேர்க்கிறாள். “வசனம் நீங்கதான் எழுதணும் மாமா” என்றான். படம் வரைவது அவன் பொறுப்பு. எனக்கு அறுபது நெருங்குகிறது. யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று நாற்பது வயதிலிருந்தே காத்திருந்தேன்.

கிழவியின் பேச்சுக்கு நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆபீஸுக்குப் பின்புறம் பிள்ளைமடுவம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை விட்டுச் சென்று மாலையில் வந்து எடுத்துப்போவார்கள். அங்கே ஆயம்மா ஒருவர். என்னைவிட நான்கைந்து வயது குறைந்தவர்தான், ஆனாலும் தோட்டம் முழுவதும் அவர் ஆயம்மா; தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கும் எனக்கும் அப்படியே. அவருடைய குரல், நான் நாட்கூலிக் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தின்மேல் பகல் முழுக்க வந்து விழுந்துகொண்டே இருக்கும். “கால நனைச்சுக்காத சாமி, காய்ச்ச வந்துச்சுன்னா ஒங்கம்மாவுக்குப் பேரு போயிரும்.” “சாப்பிடு ராசா, இந்த வாய்க்குத்தான் மழ நிக்குது.” “யாருடா அது, எந் தங்கத்தக் கடிச்சது? வா, நீயும் எந் தங்கந்தான்.” இவற்றையெல்லாம் நான் துண்டுக் கடதாசிகளில் எழுதி வைத்தேன். கேமில் ஓடக்காரி பேசுவதில் முக்கால்வாசி இவைதான். வசனம் என்ற இடத்தில் என் பெயர் வந்தது.

பேச்சு அவருடையது, குரலும் அவருடையதாகவே இருக்கட்டும் என்றான் மருமகன். மாலையில் பிள்ளைகள் போனபின் மடுவத்திலேயே பதிவு செய்தோம். அதற்கு ஆபீஸ் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும் கடிதத்தை டைப் செய்ய வேண்டியவன் நான் என்பதால் அந்தச் சிரமத்தைக் குறைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தகரத்தில் அது பேசினால் வேறு யாரும் பேச முடியாது. ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, காலியான தொட்டில்களுக்கு நடுவே மூன்று பேரும் மழை விடும் இடைவெளிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆயம்மாவுக்கு வாசிப்பு தட்டுத்தடுமாறித்தான் வரும். நான் ஒரு வரி சொல்வேன், அவர் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு உரக்கச் சொல்வார். இதற்கெல்லாம் கைம்மாறாக நான் ஒரு பிஸ்கட் டின் கொடுத்தேன். மறுநாளே அதை உடைத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டார்.

கடைசிக் காட்சி வந்தது. ஓடம் நிறைந்துவிடுகிறது. கரையில் இன்னும் ஒரு குழந்தை நிற்கிறது, அழுகிறது. கிழவி அதை விட்டுவிட்டுப் போகிறாள். அந்த இடத்துக்கு நான் உருகி உருகி எழுதிய வரி இது: “அழுதா அழுவு. ஒரு வாயி கொறஞ்சா எனக்கு ஒரு கை சோறு மிச்சம்.” எழுதிய இரவு எனக்கே முதுகு சில்லிட்டது. இலக்கியத்தில் இதை இருண்மை என்பார்கள் என்று மருமகனுக்கு விளக்கமும் கொடுத்திருந்தேன்.

ஆயம்மா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“இப்படி யாராச்சும் பேசுவாங்களா ஐயா?”

நான் சிரித்தேன். “கேம்தானே ஆயம்மா. நெசமாவா சொல்றீங்க?”

“கேமா இருந்தாலும் இவ இப்படிப் பேச மாட்டா ஐயா. ஏத்த மாட்டேன்னு நெனைக்கிறவ வாயத் தொறக்க மாட்டா.” கையில் இருந்த குழந்தைத் துணியை மடித்தபடியே சொன்னார். “காய்ச்சக்காரப் புள்ளைய எடுக்கக் கூடாதுன்னு இங்க சட்டம் இருக்குல்ல. தாய்க்காரி வாசல்ல நின்னு அழுவும். எத்தன தடவ திருப்பி அனுப்பியிருக்கேன். அப்ப பேச்சு வராதுங்க. கொடியில துணி போடுற மாதிரி அங்கிட்டுத் திரும்பிக்குவேன். மூஞ்சியப் பாத்தா எடுத்துக்கிட்ருவேன்ல?”

ஒரு பாத்திரத்தின் குணத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சனம் அதுதான். அப்போது எனக்குத் தோன்றியது, மழை மறுபடி பிடிப்பதற்குள் பதிவை முடிக்க வேண்டும் என்பது மட்டுமே. “எழுதினது எழுதினபடி சொல்லுங்க ஆயம்மா” என்றேன். ஆபீஸில் சொல்லச் சொன்னதைச் சொல்லி, போடச் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர். சொன்னார். முதல் தடவை குரல் தழுதழுத்தது. இரண்டாவது தடவையும். “நீங்க அழக் கூடாது, வெறுப்பு வேணும், வெறுப்பு” என்று நான் விரட்டினேன். மூன்றாவது தடவை என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிரமாதமாக வந்தது.

கேம் வெளியானது, எங்களுக்கே நம்ப முடியாத அளவுக்கு ஓடியது. ஓடக்காரிக்கென்று முகநூலில் ஒரு குழு. அவள் படத்தைச் சட்டையில் போட்டுக்கொண்ட இளைஞர்கள். ‘நீயும் எந் தங்கந்தான்’ என்று வாழ்த்து அனுப்பிக்கொள்ளும் காதலர்கள். கூடவே சண்டையும். கடைசி வசனத்தில்தான் அவள் முகமூடி கழன்றது, ஆரம்பத்திலிருந்தே அவள் கல்நெஞ்சக்காரிதான் என்றது ஒரு கட்சி. இத்தனை பிள்ளைகளைத் தங்கம் என்றவள் அப்படிச் சொல்லவே மாட்டாள், எழுதியவன் சொதப்பிவிட்டான் என்றது மறு கட்சி. அந்தக் குரலில் அத்தனை வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார். எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். மடுவத்துப் பலகையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

நான் வேறொரு பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்து எழுத்தாளருக்காக வாதாடினேன். அவரைப் பற்றி இவ்வளவு நல்ல அபிப்பிராயம் கொண்டவர் அங்கே வேறு யாரும் இல்லாததால் வேலை அதிகமாக இருந்தது. மறு கட்சியில் ஓர் ஆசிரியை. ரம்புக்கனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிப்பவர். அவர் ஒருநாள் எழுதினார்: “கடைசிக் காட்சியில் கிழவியின் கழுத்தைப் பாருங்கள். பிள்ளையைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறாள். வாய் பேசுவது ஒருத்தி, கழுத்து திரும்புவது வேறொருத்தி. படம் வரைந்தவருக்கு அவளைத் தெரிந்திருக்கிறது. எழுதியவருக்குத் தெரியவில்லை.” அது உண்மை. பதிவு நடந்தபோது மருமகன் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஆயம்மா சொன்னபடியே வரைந்துவிட்டான். வசனத்தை மாற்றத்தான் அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. மாமா பெரிய எழுத்தாளர்.

ஆசிரியைக்கு நான் பதில் எழுதினேன்: “கழுத்து வலியாக இருக்கும். உங்கள் பள்ளியில் முதலுதவிப் பெட்டி இல்லையா?” எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் எதை எழுதினாலும் அதன்கீழே யாராவது ஒரு தைலத்தின் படத்தைப் போட்டார்கள். முதல் படத்தைப் போட்டவன் நான். ஒரு வாரத்தில் அவர் குழுவைவிட்டுப் போய்விட்டார். நல்ல பத்தி ஒன்று எழுதி முடித்த திருப்தியோடு அன்று தூங்கினேன்.

அதற்குள் அந்த வசனம் கேமைவிட்டுக் கழன்று தனியாக நடக்க ஆரம்பித்திருந்தது. குரலை மட்டும் வெட்டி எடுத்து யாரோ வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். எங்கள் சந்தியில் ஆட்டோவோடு நிற்கும் த்ரீவீல்காரர் ஒருவர் அதைத் தன் போனின் மணியாகவே வைத்துக்கொண்டார். டொராண்டோக்காரனுக்கு அது ஓடக்காரி. எங்கள் தோட்டத்தில் கேம் விளையாடியவர்கள் குறைவு. அந்தக் குரலைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. படமில்லாமல், வெள்ளமில்லாமல், ஓடமில்லாமல், பிள்ளைமடுவத்து ஆயம்மா ஒரு பிள்ளையைப் பார்த்து, நீ குறைந்தால் எனக்குச் சோறு மிச்சம் என்று சொல்கிறார். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், லயத்துக்கு லயம் அதைத்தான் கேட்டார்கள்.

அந்த வாரம் நடைபழகும் குழந்தை ஒன்று மடுவத்து வாசற்படியில் விழுந்து நெற்றி வீங்கியது. மாதத்துக்கு ஒரு குழந்தை விழும் படிதான் அது. இந்தத் தடவை தாய்மார் ஆபீஸுக்கு வந்துவிட்டார்கள்.

“அந்த வாயி பேசினத எங் காதால கேட்டேங்க” என்றாள் குழந்தையின் தாய். “இத்தன நாளும் எம் புள்ளைக்கு வைக்கிற சோத்த எண்ணிக்கிட்டு இருந்திருக்கு.”

“வெளையாட்டுக்குப் பேசுனதாம்” என்றாள் பின்னால் நின்றவள். “எது வெளையாட்டு? வெளையாட்டுக்குக்கூட நம்ம புள்ளையப் பாத்து அப்படி வாயி வருமா?”

துரை சிங்களவர், கெட்டவர் அல்ல. பதினொரு மணிக்கு அவருக்கு வேறு கூட்டம் இருந்தது. த்ரீவீல்காரரின் போனை மேசைமேல் வைத்து அந்த வசனத்தை ஓடவிட்டார். ஆயம்மாவைப் பார்த்து, “மே ஒயாகே கடஹண்டத?” என்றார். இது உன் குரலா என்று கேட்கிறார்.

“ஓவ் சேர்” என்றார் ஆயம்மா. குரல் அவருடையதுதானே.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். குற்றம்சாட்டும் பார்வை அல்ல. அடுத்த வரியை நான் எடுத்துக்கொடுப்பேன் என்று மடுவத்தில் காத்திருப்பாரே, அந்தப் பார்வை. நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்: அதை எழுதியவன் நான். சொன்னால், அனுமதியில்லாமல் மடுவத்தைத் திறந்தது வெளியே வரும். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது. என் மேசைமேல் தேதி முத்திரை இருந்தது. அதை எடுத்துச் சக்கரத்தைத் திருப்பினேன். தேதி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் முன்னால் திருப்பி, மறுபடி பின்னால் திருப்பினேன். வாயைத் திறக்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் ஆயம்மா சொன்னபடியே இருந்தது.

அவரை ரப்பர் மலைக்கு மாற்றும் கடிதத்தை டைப் செய்ததும் நான்தான். ‘சிறு பிள்ளைகளைப் பராமரிப்பதற்குரிய சுபாவம் இவரிடம் இல்லை’ என்று முதலில் எழுதினேன். கொச்சையாகப் பட்டது. ‘காணப்படவில்லை’ என்று மாற்றினேன். நடை சீரானது. துரை வாசித்துவிட்டு, தன் கிளாக்கரைப் போல் கடிதம் எழுத மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்றார்.

“வாசிங்க ஐயா” என்றார் ஆயம்மா. வாசித்தேன். நான் வாசிக்க வாசிக்க அவர் உதடு அசைந்தது. மடுவத்தில் நான் பழக்கியது: முதலில் உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பது. தன்னிடம் சுபாவம் காணப்படவில்லை என்பதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே பெண்ணின் குணத்தை நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதல் தடவை எழுதியது பிழை என்று மூன்று நாடுகளில் சண்டை போட்டார்கள். இரண்டாவதற்கு எந்த ரசிகரும் சண்டை போடவில்லை.

இப்போது விடிகாலையில் அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார். இருபது வருடம் குனிந்து தொட்டில் ஆட்டிய இடுப்புக்கு அந்தச் சரிவு சுலபமில்லை. வாளியோடு இறங்கி வரும்போது ஆபீஸ் பாதையில் எதிர்ப்படுவார். நின்று, நேரே என் முகத்தைப் பார்த்து, “சாப்டீங்களா ஐயா?” என்று கேட்பார். நான் கைப்பேசியில் முக்கியமான எதையோ தேடிக்கொண்டிருப்பேன். மடுவத்து வழியாகப் போகும் குறுக்குப் பாதையை மட்டும் அவர் விட்டுவிட்டார். அந்தப் பக்கம் போனால் பிள்ளைகள் வேலிக்கு ஓடி வருகிறார்களாம். தாய்மாருக்கு அது பிடிக்கவில்லையாம்.

போன மாதம் மருமகன் இரண்டாம் பாகத்தைத் தொடங்கினான். ஓடக்காரி மறுபடி ஒரு பிள்ளையைக் கரையில் விட்டுப் போக வேண்டும். இந்தத் தடவை எப்படி எழுதுவது என்று குழுவில் பெரிய சண்டை. நான் என் மாற்றுப் பெயரில் போய் எழுதினேன்: “ஏற்ற மாட்டேன் என்று நினைப்பவள் வாய் திறக்க மாட்டாள். அப்பால் திரும்பிக்கொள்வாள். முகத்தைப் பார்த்தால் ஏற்றிக்கொண்டுவிடுவாள்.” இரண்டு கட்சிகளும் ஒன்றாக வந்து கைதட்டின. மனித மனத்தை அறிந்தவர், இவர்தான் வசனம் எழுத வேண்டும் என்றார்கள். அதை எழுதியது மாமாதான் என்று மருமகனிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். அந்த மூன்று வரியையும் எனக்கே வாசித்துக் காட்டினான். பிறகு, “அப்படியே வச்சிருவோம் மாமா” என்றான். இரண்டாம் பாகத்தில் ஓடக்காரிக்குப் பேச்சே இல்லை. ஆகவே குரலும் தேவைப்படவில்லை.

அந்த ஒலிப்பதிவை எப்போதாவது ஓடவிடுவேன். கூரை சொட்டும். அவர் செருமுவார். “இப்படி யாராச்சும் பேசுவாங்களா ஐயா?” அடுத்தபடி யாரோ சிரிக்கும் சத்தம், பக்கத்திலிருந்து, மிகத் தெளிவாக. அத்தோடு பதிவு நின்றுவிடுகிறது.